பற்றை விடுவது என்றால் என்ன? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிலர் கூடி, புத்தரின் சூத்திரங்களைத் தமிழில் வாசித்துப் பேசுகிறோம். பூ வியாபாரி, டீச்சர், ஓய்வுபெற்ற நர்ஸ், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். யார் புதிதாக வந்தாலும் பேச்சு கடைசியில் பற்று என்கிற இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும் என்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

பற்றில்லாம இருக்கணும்னா வீடு வாசலை விட்டுட்டுப் போயிரணுமா?

வேண்டியதில்லை. புத்தர் காலத்தில் வீட்டைத் துறந்து பிக்குகள் ஆனவர்கள் உண்டு. குடும்பத்தில் இருந்தபடியே இந்தப் பாதையில் வெகுதூரம் போனவர்களும் உண்டு. சாவத்தி நகரத்துப் பெரிய வணிகர் அநாதபிண்டிகர், பேரன் பேத்திகளோடு வாழ்ந்த விசாகை, நகுலபிதா நகுலமாதா தம்பதி எல்லாரும் இல்லறத்தார்தான். சொத்தும் இருந்தது, சொந்தமும் இருந்தது.

"இது இப்படியே என் கையில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான் இல்லை" என்று மனம் ஒரு பிடி போடுகிறது. விட வேண்டியது அந்தப் பிடியைத்தான். அது உள்ளே நடக்கிற வேலை என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே போனாலும் கூடவே வரும்.

ஆசை, பற்று ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது. மனத்தின் ஓட்டத்தைப் பௌத்தம் பன்னிரண்டு கண்ணிகளாகக் காட்டும். அவற்றில் நமக்கு இங்கே தேவையானவை நடுவில் வரும் நான்கு: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. இந்தத் தமிழ்ப் பெயர்கள் மணிமேகலையில் உள்ளவை. அதைப் பாடிய சீத்தலைச் சாத்தனாரை மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி, என்று மரபு சொல்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர் இவ்வளவு தெளிவாகத் தமிழில் சொல்லி வைத்திருக்கும்போது சூத்திரங்களின் மூல மொழியான பாலியின் சொற்களைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் சின்ன மதினி புது வீட்டுப் படம் போட்டிருக்கிறார். படம் கண்ணில் படுவது ஊறு. உடனே நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று வருகிறதே, அது நுகர்வு. இதுவரைக்கும் உங்கள் தப்பு எதுவுமே இல்லை, அது எல்லாருக்கும் வரும். அடுத்த நொடி "நமக்கும் இப்படி ஒண்ணு வேணும்" என்றோ, "இதைப் பாக்காமலே இருந்திருக்கலாம்" என்றோ மனம் சாய்கிறது. வேண்டும் என்பதும் வேட்கைதான், வேண்டாம் என்று தள்ளுவதும் வேட்கைதான். அப்புறம் போனைக் கீழே வைத்த பிறகும் அரைமணி நேரம் உள்ளே ஓடுகிறது. மாமனார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், நான் என்ன குறைச்சல், அன்றைக்கு மதினி சொன்ன ஒரு சொல். இதுதான் பற்று.

விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலை எழுதிய புத்தகோசர் இதற்கு ஒரு திருடனைக் காட்டுவார். இருட்டில் பொருளைத் தேடிக் கை நீட்டுவது வேட்கை. கையில் கிடைத்ததை இறுக்கிக்கொள்வது பற்று. சுருக்கென்ற இடத்துக்கும் கை நீளும் இடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியில்தான்.

பிள்ளைக மேல பாசம் இருக்கத்தானே செய்யும்? அதையும் விடச் சொல்றீங்களா?

யாரும் சொல்லவில்லை. தாய் தன் ஒரே மகனை உயிரைக் கொடுத்துக் காப்பது போல எல்லா உயிர்கள் மேலும் அன்பைப் பெருக்கச் சொல்கிறது மெத்த சூத்திரம். தாயன்பு ஒழிக்க வேண்டிய குறை என்றால் அதை அளவுகோலாக வைத்திருக்க மாட்டார்கள்.

அன்பும் பற்றும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் நமக்குப் பிரித்துப் பார்க்க வருவதில்லை. பிள்ளை நம் விருப்பத்துக்கு மாறாக நிற்கும்போது கொஞ்சம் தெரியும். மகள் வந்து, "எனக்கு இன்ஜினியரிங் வேணாம்ப்பா, தமிழ் படிக்கிறேன்" என்கிறாள். அந்த நேரத்தில் உங்களுக்கு முன்னால் தெரிவது அவள் முகமா, கல்யாண வீட்டில் "பாப்பா என்ன படிக்குது" என்று கேட்கப்போகும் நாலு பேர் முகமா? அவள் முகம் தெரிந்தால் அன்பு விழித்திருக்கிறது. அப்புறம் அவளோடு தாராளமாகச் சண்டை போடலாம், அறிவுரை சொல்லலாம்.

எனக்கு இதில் நகுலமாதாவின் கதை மேல் தனிப் பிரியம். கணவர் சாகக் கிடக்கிறார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, ஏக்கத்தோடு போய்விடாதீர்கள் என்கிறார். "நான் போனால் பிள்ளைகளை இவள் எப்படிக் காப்பாற்றுவாள் என்று நினைக்கிறீர்களா? எனக்குப் பருத்தி நூற்கத் தெரியும், கம்பளி சீவத் தெரியும், பிள்ளைகளை வளர்த்துவிடுவேன்" என்று அவர் மனத்தில் இருக்கக்கூடிய பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறார். கேட்கக் கேட்க அவருக்கு நோய் தணிந்தது என்கிறது சூத்திரம். உலகம் மாயை, உறவு பொய் என்றெல்லாம் அந்த அம்மா பேசவே இல்லை. நூல் நூற்று எப்படிக் குடும்பத்தை ஓட்டுவேன் என்ற கணக்கைச் சொல்லித்தான் கணவரின் பிடியைத் தளர்த்தினார்.

எனக்கு இப்ப எதுவுமே பெருசாப் படுறதில்ல. நல்லதும் சரி, கெட்டதும் சரி. அந்த நிலைக்கு வந்துட்டேனா?

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். புத்தகோசர், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே, அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது, சமநிலை என்ற நான்கு நல்ல குணங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எதிரிகளைச் சொன்னார். தூரத்து எதிரியைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம். பக்கத்து எதிரி அந்தக் குணத்தின் வேஷத்திலேயே வரும். சமநிலைக்குத் தூரத்து எதிரி விருப்பும் வெறுப்பும். பக்கத்து எதிரி அறியாமையில் பிறந்த பாராமுகம். சமநிலையில் இருப்பவருக்கு அடுத்த வீட்டுக்காரரின் கஷ்டம் நன்றாகவே தெரியும், உதவவும் கை நீளும். பாராமுகத்தில் அது கண்ணில் படவே படாது.

இன்னொரு சாத்தியமும் உண்டு, அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, எழுந்து குளிக்கவே பாரமாக இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். "நான் பக்குவப்பட்டுட்டேன்" என்று நினைத்து இந்த நோயை வளரவிடுவது பெரிய ஆபத்து.

சாவு வீட்டுல அழுதா நான் இன்னும் பக்குவப்படலைன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. 25 ஆண்டுகள் புத்தரின் கூடவே இருந்து பணிவிடை செய்த ஆனந்தர், அவரது கடைசி நேரம் நெருங்கியபோது கதவு நிலையில் சாய்ந்து நின்று அழுதார். புத்தர் அவரைக் கூப்பிட்டு, சேர்ந்ததெல்லாம் பிரியும் என்று முன்பே சொல்லியிருக்கிறேனே என்று தேற்றினார். அப்புறம் அவர் அன்போடு செய்த பணிவிடையைப் பாராட்டினார். தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் மறைந்த பிறகு பிக்குகள் கூட்டத்தைப் பார்த்து, "இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது" என்றவரும் அதே புத்தர்தான். அவரிடம் சோகமோ புலம்பலோ இல்லை என்று அந்தச் சூத்திரமே சொல்கிறது. ஆனாலும் வெறுமையாக இருந்த இடத்தை அவர் பார்க்காமல் விடவில்லை.

இரண்டு அம்புகள் பற்றிய சூத்திரமும் இங்கே உதவும். உடம்பில் படும் வலி முதல் அம்பு. அதை நினைத்து மனம் வேதனையில் உழல்வது இரண்டாவது அம்பு என்கிறார் புத்தர். துக்கத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். அப்பத்தா போய்விட்டார் என்று வரும் அழுகை வரட்டும். "முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா, நான் பாவி" என்று பத்து வருஷம் தன்னையே குத்திக்கொண்டிருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஒப்பாரி கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். கட்டிப்பிடித்து அழுகிற பெண்கள் எதிரே கிடத்தியிருப்பவரை மட்டும் பாடுவதில்லை, தன் வீட்டில் எப்போதோ போனவர்களையும் சேர்த்துப் பாடுவார்கள். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமியிடம் புத்தர், அழாதே என்று சொல்லவில்லை. சாவு விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரச் சொன்னார். வாசல் வாசலாகப் போன கோதமி, ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் இழப்பைக் கேட்டாள். நம் கிராமத்துப் பெண்கள் அதை ஒரே பந்தலில் கேட்கிறார்கள் என்பேன்.

எனக்கு நகை நட்டு, காசு பணத்து மேல ஆசையே கிடையாது. அப்பப் பற்று இல்லைன்னுதானே அர்த்தம்?

பற்றில் நான்கு வகை சொல்லப்படுகிறது. புலன் இன்பங்கள் மேல் பற்று, கருத்துகள் மேல் பற்று, நோன்பு சடங்குகளே கரையேற்றிவிடும் என்ற பற்று, "நான்" என்ற எண்ணத்தின் மேல் பற்று. நகையும் காசும் முதல் வகையில் மட்டும்தான் வரும்.

டீக்கடையில் அரசியல் பேசும்போது குரல் ஏறி, இருபது வருஷ நண்பரோடு பேச்சே நின்றுபோகிறது. அங்கே காசு எதுவும் கைமாறவில்லை. விடிகாலை நாலரை மணிக்குத் தியானத்தில் உட்காருகிற ஒருவர், அடுப்படியில் மிக்ஸி ஓடினால் மனைவி மேல் எரிந்து விழுகிறார். மூன்றாவது வகை அவரிடம் நன்றாகக் குடியிருக்கிறது. "நான் எதுக்கும் ஆசைப்படாத ஆளு" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் உண்டு பாருங்கள், அது நான்காவது.

பற்றை விடணும்னு நினைக்கிறதே ஒரு ஆசைதானே?

கெட்டிக்காரத்தனமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. உன்னாபர் என்ற பிராமணர் ஆனந்தரிடம் இதையே கேட்டார். ஆசையால் ஆசையை விடுவது என்றால் அதற்கு முடிவே இல்லையே என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: "இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உமக்கு இருந்தது அல்லவா? வந்து சேர்ந்த பிறகு அந்த விருப்பம் எங்கே?" நல்லதைச் செய்யத் தூண்டும் விருப்பம் வேலை முடிந்ததும் தானாக அடங்கும். வேட்கை அப்படி அடங்காது, கிடைத்ததும் அடுத்ததைக் கேட்கும்.

ஆனால் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு எங்கயாச்சும் போயிரணும், எதுவும் இல்லாம ஆயிரணும்" என்ற வெறி வரும். இல்லாமல் போக வேண்டும் என்ற அந்த ஏக்கத்தையும் பௌத்தம் வேட்கையின் மூன்று வகைகளில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. அது சலிப்பில் பிறந்தது. அதைத் துறவு என்று எண்ணி ஏமாறக் கூடாது.

கீழக்குயில்குடி மலையில இருக்கிறது புத்தர்தானே? அவங்க சொன்னதும் இதைத்தானா?

அவை சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். சமணர் மலையின் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் சிற்பங்களும், யானைமலை, அரிட்டாபட்டியில் இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் சமணம் சார்ந்தவை. மாங்குளம் குகையில் படுக்கைகளோடு இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள் தமிழகத்தின் மிகப் பழையவற்றில் சேர்ந்தவை. போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான்.

பற்றறுக்க வேண்டும் என்பதில் இரு மரபும் ஒத்துப்போகும். வழி வேறு. சமணம் கடும் தவத்தால் வினையை உதிர்க்கச் சொல்கிறது. புத்தர் கடும் தவத்தைச் செய்து பார்த்து, அதை விட்டு, நடுவழியைச் சொன்னார்.

குறள்ல துறவு வருது, கீதையில பலன் கருதாம கடமையைச் செய்யின்னு வருது. எல்லாம் ஒண்ணுதானே?

அன்றாட வாழ்க்கையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. கீதையில் பலனை இறைவனிடம் ஒப்படைக்கலாம், அழியாத ஆன்மா ஒன்று பின்னால் நிற்கும். பற்றற்றானின் பற்றைப் பற்றிக்கொண்டு மற்றதை விடச் சொல்கிறது குறள். பௌத்தம் அப்படிப் பிடித்துக்கொள்ள நிலையான ஒன்றைத் தருவதில்லை. மீனாட்சியைக் கும்பிடுகிறவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய இருக்கிறார்கள். கும்பிட்டுவிட்டு வந்துதான் உட்காருகிறார்கள்.

குழந்தைக்கு அம்மாகூட நல்ல அட்டாச்மென்ட் வேணும்னு டாக்டர் சொல்றாரு. நீங்க அதை விடச் சொல்றீங்க. யாரைக் கேக்குறது?

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். அவர் சொல்வது ஜான் பௌல்பி, மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியல் அறிஞர்கள் வளர்த்த கோட்பாடு. கூப்பிட்டால் அம்மா வருவாள் என்ற நம்பிக்கை குழந்தைக்கு உறுதியாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நம்பிக்கை உள்ள குழந்தைதான் மடியை விட்டு இறங்கி, தைரியமாகத் தூரம் போய் விளையாடும். நம்பிக்கை ஆட்டம் காணும்போது பல குழந்தைகள் அம்மாவை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பாதுகாப்பு இருக்கிற இடத்தில் பிடி தளர்கிறது என்பது பௌத்தத்துக்கும் உடன்பாடுதான். நகுலமாதா கணவருக்குக் கொடுத்ததும் அந்தத் தைரியத்தைத்தான்.

மாட்டுத்தாவணியில பூ யாவாரம் பாக்குறேன். லாபத்துல ஆசை இல்லாம கடையை எப்படி நடத்துறது?

லாபம் பாருங்கள். சிகாலர் என்ற இளைஞனுக்குச் சொன்ன உபதேசத்தில் புத்தர் வருமானத்தை நாலு பங்காக்கச் சொல்கிறார். ஒரு பங்கு செலவுக்கு, இரண்டு பங்கு தொழிலுக்கு, ஒரு பங்கு கஷ்ட காலத்துக்கு. பாதியைத் தொழிலில் போடச் சொன்னவர் வியாபாரத்துக்கு எதிரி இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவரே ஒரு நாள் இதற்கு நல்ல பதிலும் சொன்னார். மல்லிகை பனிக்காலத்தில் வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும், வரத்து கூடினால் சில நூறுக்கு இறங்கும். காலையில் ஒரு விலைக்கு விற்றவருக்கு மத்தியானம் பாதி விலை கேட்டால் மனசு வராது. "காலையில அந்த விலைக்குக் குடுத்தேன், இப்ப இதுக்குக் குடுப்பனா" என்று பூவை வைத்துக்கொண்டே இருப்பார். மொட்டு விரிந்துவிடும். பொழுது சாயும்போது வாங்க ஆள் இருக்காது. காலை விலையை மறந்து, இப்போதைய பூவையும் இப்போதைய சந்தையையும் பார்க்கிறவர் மத்தியானமே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் லாபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை விலையைப் பிடித்துத் தொங்கவில்லை, அவ்வளவுதான்.

எங்க அண்ணன்மாரு பூர்வீகச் சொத்துல பங்கு தரமாட்டேங்கிறாங்க. கேட்டா, "நீதான் தியானம் எல்லாம் பண்றியே, பற்றை விடும்மா"ங்கிறாங்க. விட்டுரணுமா?

விடாதீர்கள், கேளுங்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-இலேயே திருத்தியது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. உங்கள் சொத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. பற்றை விடுவது ஒருவர் தன் மனத்துக்குள் செய்கிற வேலை. அதை அடுத்தவருக்கு உத்தரவாகப் போட யாருக்கும் உரிமை கிடையாது. புருஷனை இழந்தவளிடம் "இனிமே உனக்கு என்ன ஆசை வேண்டிக்கிடக்கு" என்பதும், வயசானவரிடம் "சிவசிவான்னு ஒரு மூலையில கிடக்க வேண்டியதுதானே" என்பதும் இதே ரகம். நிலத்தை இறுக்கிப் பிடித்திருப்பவர்கள் தங்கச்சியிடம் பற்றை விடச் சொல்வதில் தர்மம் எங்கே இருக்கிறது?

கேஸ் நடத்திக்கொண்டே மனத்தையும் பார்த்துக்கொள்ள முடியும். வாய்தா தேதியை எழுதி வையுங்கள், பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அண்ணன் பேசியது திரும்பவும் ஓட ஆரம்பிக்கிறதா? வாட்ஸ்அப் படத்துக்குப் பிறகு ஓடிய அந்த அரைமணி நேரம்தான் இதுவும். அங்கே தளர்த்துங்கள். வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும்.

"நான்"னு ஒண்ணு கிடையாதுங்கிறீங்க. அப்பப் பற்றை விடுறது யாரு?

பக்குனர் என்ற பிக்கு புத்தரிடம், "பற்றுவது யார்?" என்று கேட்டார். கேள்வியே பொருந்தவில்லை என்றார் புத்தர். எதைச் சார்ந்து பற்று வருகிறது என்று கேள், அதற்குப் பதில் உண்டு, வேட்கையைச் சார்ந்து வருகிறது என்றார். விடுவதற்கும் இதே கணக்குதான். வேட்கை ஓய்ந்தால் பற்று ஓய்கிறது. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து கையைத் திறந்துவிட வேண்டிய அவசியம் இல்லை. இதை வாதமாகப் புரிந்துகொள்ள ரொம்பச் சிரமப்பட வேண்டாம். உட்கார்ந்து கவனிக்கும்போது, எரிச்சல் வந்ததும் போனதும் தெரியும், அனுப்பி வைத்தவர் என்று ஒருவரையும் காண முடியாது.

சரி, நாளைக்குக் காலையில இருந்து நான் என்னதான் செய்யணும்?

பெரிய பற்றில் கை வைக்காதீர்கள். சொத்து, பிள்ளை, பழைய பகை எல்லாம் அப்புறம். தினமும் வருகிற சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் காப்பியில் சர்க்கரை குறைந்திருப்பது, கோரிப்பாளையம் சிக்னலில் பின்னால் நிற்பவர் விடாமல் ஹாரன் அடிப்பது, போன் சத்தம், இப்படி ஏதாவது. அது நடக்கும்போது உடம்பில் எங்கே சுருக்கென்கிறது என்று பாருங்கள். இனிக்கிறதா, கசக்கிறதா, இரண்டும் இல்லையா என்று மட்டும் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். மாற்ற முயல வேண்டாம். இரண்டு மூன்று மூச்சு அங்கேயே இருந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

அதோடு தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தால் அந்த இடைவெளி சீக்கிரம் பிடிபடும். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம். வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்தவர்களும், மனச்சோர்வு நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் தனியாக நீண்ட நேரம் உட்கார வேண்டாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கூட யாராவது இருக்கும்போது கொஞ்ச நேரம் செய்யுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.